கடல்காத்து அடிக்கிற வீட்ல வால்பேப்பர் க்ளீன் பண்றது எப்படி

நம்ம ஊர்ல தீபாவளி வருதுன்னாலே வீட்டை கழுவ ஆரம்பிச்சிடுவோம், ஆனா ஐப்பசி மாசம் மழை மாசம், அப்ப போய் வால்பேப்பர் மேல ஈரத்துணி வச்சா அது காயவே காயாது. எங்க வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டைல, கடல் நடக்கிற தூரம்தான், உப்புக்காத்துல துவைச்ச துணியே பிசுபிசுன்னு இருக்கும், சுவரை சொல்லவே வேணாம். அதனால தண்ணி வச்சு தொடைக்கிற வேலைய பங்குனி சித்திரைல வச்சுக்கோங்க, தீபாவளிக்கு தூசி மட்டும் தட்டுங்க, போதும்.

முதல்ல உங்க வீட்ல ஒட்டியிருக்கிறது என்னன்னு பாருங்க. சோபாவுக்கு பின்னாடி, யார் கண்ணுலயும் படாத மூலைல ஒரு சொட்டு தண்ணி வைங்க. முத்து மாதிரி நின்னா அது வினைல், அதாவது பிளாஸ்டிக் பூச்சு உள்ளது, ஈரத்துணி தாங்கும். உறிஞ்சி கருத்துப்போச்சுன்னா வெறும் பேப்பர், அதுக்கு தண்ணியே ஆகாது, துணி மாதிரி இருக்கிறதுக்கும் அதேதான்.

எதுவா இருந்தாலும் தூசி எடுக்காம ஈரம் படக்கூடாது, பட்டா தூசி சேறாகி டிசைனுக்குள்ள போய் உக்காந்துக்கும். பழைய காட்டன் பனியன் துணிய விளக்கமாத்துல சுத்தி, மேல இருந்து கீழ மெதுவா இழுங்க, ஃபேன் காத்து படுற இடத்துல நூலாம்படை அதிகமா இருக்கும், அத தேய்க்காம எடுங்க. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுற வீடுன்னா பூஜை பக்கம் மங்கலா புகை படிஞ்சிருக்கும், அதுக்கு காஞ்ச பிரெட்டோட வெள்ளைப் பாகத்த வச்சு ஒத்தி ஒத்தி எடுத்தா நல்லா வரும். இது புது வித்தை இல்ல, அமெரிக்காவுல நிலக்கரி அடுப்பு இருந்த காலத்துல சுவர்ல படியிற கரிய எடுக்க மாவு மாதிரி ஒரு களிதான் வித்தாங்க, அடுப்பு மாறினதும் அது விக்காம போயி, 1950கள்ல அதையே குழந்தைங்க விளையாடுற ப்ளே-டோவா மாத்திட்டாங்க!

வினைல்னா அடுத்தது ஈரம். வெதுவெதுப்பான தண்ணி அரை பக்கெட்டுக்கு பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு மூணு சொட்டு, அவ்ளோதான். ஸ்பாஞ்ச நல்லா பிழிஞ்சிட்டு இப்ப கீழ இருந்து மேல தொடைங்க, மேல ஆரம்பிச்சா அழுக்குத்தண்ணி காஞ்ச இடத்துல கோடு கோடா வழியும், அந்தக் கோடு லேசுல போகாது. ரெண்டு ஷீட் சேர்ற ஜாயின்ட் மேல மட்டும் தண்ணி நிக்கவே விடாதீங்க, கொஞ்சம் தொடைச்சதும் காஞ்ச துணியால ஒத்திட்டு அப்புறம் அடுத்த இடத்துக்கு போங்க.

எங்க வீட்ல ரொம்ப படுத்துனது தலை எண்ணெய் கறைதான். அப்பா கட்டில்ல சாஞ்சு உக்காந்து பேப்பர் படிக்கிற இடம், தேங்கா எண்ணெய் வட்டமா ஊறி இருந்துச்சு. அதுல சோப்பு போட்டா வட்டம் பெருசாகும். டால்கம் பவுடர், இல்லன்னா சோளமாவ அழுத்தி அப்பி, ஒரு ராத்திரி விட்டு மென்மையான பிரஷ்ல தட்டுங்க, நாலு தடவ பண்ணதுல பாதிக்கு மேல போச்சு. பேப்பர் வகைன்னா வெள்ளை டிஷ்யூவ வச்சு, ஸ்டீம் இல்லாம லோ ஹீட்ல அயர்ன் பாக்ஸ லேசா ஒத்தலாம், டிஷ்யூ எண்ணெய உறிஞ்சிக்கும், செய்தித்தாள் வைக்காதீங்க மை ஒட்டிக்கும், வினைல்ல அயர்ன் வைக்கவே வைக்காதீங்க உருகிடும். பசங்க பென்சில் கிறுக்கல் வெள்ளை ரப்பர்லயே போயிடும்.

பூஞ்சை வேற கதை. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் இங்க கரை கடந்தப்புறம் எங்க பெட்ரூம் மூலைல கருப்பா புள்ளி வந்துச்சு. வினைல்ல மேலாப்ல இருந்தா வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து, மாஸ்க் போட்டு, ஜன்னல திறந்து வச்சு தொடைங்க, உடனே ஃபேன போட்டு காய விடுங்க. வினிகர் கூட பிளீச்சிங் பவுடர் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும், மூச்சுக்கு ஆபத்து. கையால அழுத்திப் பாத்து ஈரமா இருந்தா, இல்ல உப்பி மண்வாசனை வந்தா, சுவரே ஓதம் காக்குதுன்னு அர்த்தம், எவ்ளோ தொடைச்சாலும் திரும்ப வரும். எங்களுக்கு மாடில பைப் ஒழுகல். அந்த ஷீட்ட பிச்சு எடுத்துட்டு, பைப்ப சரி பண்ணி, சுவர நல்லா காயவிட்டு கோடைலதான் புது ஷீட் ஒட்டினோம், ஒட்டும்போது மிச்சமான ஒரு ரோல பத்திரமா பரண்ல போட்டு வச்சிருக்கேன்.