முதல் பட்டதாரி சான்றிதழுக்கு வீட்டிலிருந்தே விண்ணப்பிப்பது எப்படி?

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால், கல்விக் கட்டணச் சலுகை வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2010ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கான முதல் பட்டதாரி சான்றிதழைப் பெற, முன்பெல்லாம் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. இப்போது அந்த மேசைகளுக்கு இணையம் வழியாக மனுவே போய்ச் சேர்கிறது.

முதலில் இ-சேவை இணையதளத்தில் பொதுமக்களுக்கான பகுதியில், உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்துக் கணக்குத் தொடங்குங்கள். உள்ளே வருவாய்த் துறைச் சேவைகளில் ‘ஆர்இவி-104’ என்ற குறியீட்டுடன் இருப்பதே நமக்கு வேண்டியது.

அடுத்து கேன் எண். குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் இத்தளம் தரும் அடையாள எண் இது. மாணவர் ஏற்கெனவே சாதிச் சான்றிதழோ வருமானச் சான்றிதழோ இணையத்தில் வாங்கியிருந்தால் இந்த எண் இருக்கும் என்பதால், புதிதாகப் பதியும் முன் ஆதார் எண்ணைக் கொண்டு தேடிப் பாருங்கள்.

பெயரை நிரப்பும் இடத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பக்கத்து வீட்டு மாணவிக்கு நான் விண்ணப்பித்துக் கொடுத்தபோது, டிசியில் (பள்ளி தரும் மாற்றுச் சான்றிதழில்) ‘முருகேஸ்வரி’ என்றும் ஆதாரில் ‘முருகேசுவரி’ என்றும் இருந்ததைக் கவனிக்காமல் அனுப்பிவிட்டோம்; மனு திரும்பி வந்தது, அந்தப் பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை. ஆதார், குடும்ப அட்டை, டிசி மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்து, இனிஷியல் உட்பட எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தட்டச்சு செய்யுங்கள்.

பின்னர் தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரின் கல்வித் தகுதியைக் கேட்பார்கள். அண்ணனோ அக்காவோ பட்டம் பெற்றிருந்தால் இச்சலுகை கிடைக்காது. அதை மறைக்காதீர்கள், கிராமத்தில் யார் என்ன படித்தார்கள் என்பதை விசாரிக்கப்போவது கணினி அல்ல, விஏஓதான்.

நிழற்படம், முகவரிச் சான்று, டிசி, குடும்பத்தினரின் கல்விச் சான்றுகள் ஆகியவற்றை ஏற்றுங்கள். அதே பக்கத்தில் கிடைக்கும் உறுதிமொழிப் படிவத்தை அச்சிட்டுக் கையொப்பமிட்டு, அதையும் ஏற்ற வேண்டும். கைபேசியில் படமெடுப்பவர்கள் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் முத்திரையும் எழுத்தும் தெளிவாகத் தெரியும்.

கட்டணம் செலுத்தியதும் ஒப்புகைச் சீட்டு வரும். அதிலுள்ள விண்ணப்ப எண்ணைக் கொண்டு, கோப்பு யாரிடம் நிலுவையில் இருக்கிறது என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். இந்த மாற்றத்தில் எனக்கு மிகவும் பெரிதாகத் தோன்றுவது இதுதான். ‘சார் இல்லை, நாளைக்கு வாங்க’ என்ற பதிலுக்காகக் கூலி வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்த பெற்றோருக்கு இதன் அருமை தெரியும்.

ஒப்புதல் கிடைத்ததும் சான்றிதழைப் பிடிஎஃப் கோப்பாகப் பதிவிறக்கி மின்னஞ்சலிலும் சேமித்து வையுங்கள். மின்னணுக் கையொப்பத்துடன் வரும் அதன் உண்மைத்தன்மையை, அதிலுள்ள கியூஆர் குறியீட்டைக் கொண்டு கல்லூரியே சரிபார்த்துக்கொள்ள முடியும். டிசி கைக்கு வந்த அன்றே விண்ணப்பித்துவிட்டால், மனு ஒருமுறை திரும்பி வந்தாலும் கலந்தாய்வுக்குள் திருத்தி அனுப்ப நாள் இருக்கும்.