மோட்டோகிராஸ் தகுதிச் சுற்றுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

என் அக்கா மகள் மோட்டோகிராஸில், அதாவது மேடு பள்ளமான மண் தடத்தில் நடக்கும் பைக் பந்தயத்தில், 85 சிசி வகுப்பில் ஓட்டுகிறாள். அவள் அப்பா லாரியில் வடக்கே போனால் திரும்ப இருபது நாள் ஆகும் என்பதால், பந்தயத்துக்குக் கூட்டிப் போகும் வேலை தாய்மாமன் என் தலையில் விழுந்தது. காட்பாடியில் டூவீலர் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறேன். வண்டி தெரியும், பந்தயம் தெரியாது. மூன்று தகுதிச் சுற்று போய், இரண்டில் நானே சொதப்பிய பிறகு இதை எழுதுகிறேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது, செயின் டைட் வைப்பது எல்லாம் இதில் இல்லை. நியாயமாகத் தகுதி பெறுவது எப்படி, அங்கே பெரியவர்கள் எப்படி நடந்துகொள்வது, அது மட்டும்தான்.

படி 1: எஸ்.ஆர். படியுங்கள்

ஒவ்வொரு போட்டிக்கும் சப்ளிமெண்டரி ரெகுலேஷன் என்று சில பக்கங்கள் வரும். எல்லோரும் எஸ்.ஆர். என்பார்கள். எந்த வகுப்பு, வயதை எந்தத் தேதிக்குக் கணக்கிடுகிறார்கள், எத்தனை பேரை எடுப்பார்கள், யாராவது வராவிட்டால் அந்த இடத்தில் ஓட்டக் காத்திருக்கும் ரிசர்வ் எத்தனை பேர், எல்லாம் அதில்தான். போனில் படிக்காதீர்கள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, பேனாவால் கோடு போட்டுப் படியுங்கள். எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் பந்தய கிளப்களின் கூட்டமைப்பு) விதிகளின் கீழ் வரும் போட்டி என்றால் அவர்களுடைய லைசென்ஸும் வேண்டும். மைனர் என்பதால் பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள். மாமன் கையெழுத்தைக் கவுண்டரில் ஏற்கவில்லை. அக்காவை பஸ் ஏற்றி வரவழைத்தேன்.

வயதுக்கு நகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழையே கொண்டு போங்கள். நம் பக்கத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக் கொடுத்த பிறந்த தேதியோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டு வராதீர்கள். பன்னிரண்டு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் உடம்பு பலத்தில் பெரிய வித்தியாசம் உண்டு, அதுவும் குழி குழியான மண்ணில்.

என்ஜினும் அப்படித்தான். போன வருஷம் ஒருவர் கடைக்கு வந்து, சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாக்கினால் வெளியே தெரியுமா என்று கேட்டார். வெளியே தெரியாது, கழற்றினால் தெரியும் என்றேன். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

படி 2: வண்டியை ஏற்றுங்கள், ஓட்டிப் போக விடாதீர்கள்

குட்டி யானை ஒன்று பிடித்தால் போதும். கயிறு வேண்டாம், ராட்செட் பெல்ட் வாங்குங்கள். வாலாஜா தாண்டுவதற்குள் கயிறு தளர்ந்துவிடும். டிராக் பக்கத்தில்தானே என்று பிள்ளையை ரோட்டில் ஓட்ட விடுகிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, மைனர் ரோட்டில் ஓட்டினால் வண்டிக்காரருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்சும் கிடைக்காது.

டூல் விஷயத்தில் என் கட்சி இதுதான்: 8, 10, 12 டி ஸ்பேனர், ஒரு ஸ்போக் கீ, ஒரு ஏர் கேஜ், போதும். நேரம் பார்க்க போன் வேண்டாம், நம் ஊர் வெயிலில் திரையே தெரியாது. பி.டி. வாத்தியார் கழுத்தில் தொங்குமே அந்த ஸ்டாப்வாட்ச், அதுதான் சரி. வண்டிக்குக் கீழே தார்ப்பாய் விரியுங்கள். ஆயில் மண்ணில் சிந்தினால் அடுத்த வருஷம் அந்த நிலத்துக்காரர் இடம் தர மாட்டார்.

படி 3: கொடிகளை வீட்டிலேயே பழக்குங்கள்

ஓட்டுநர் கூட்டத்தில் கொடி பற்றிச் சொல்வார்கள். ஆனால் பதற்றத்தில் பிள்ளைக்கு ஒன்றும் ஏறாது. எங்கள் ஊர் ஏரி காய்ந்த பிறகு அதில் ஒரு வட்டம் போட்டு, அக்காவின் பழைய மஞ்சள் புடவைத் துண்டையும் என் நீலக் கைலியையும் கொடியாக வைத்துப் பழக்கினேன். மஞ்சள் ஆட்டினால் முன்னால் யாரோ விழுந்திருக்கிறார்கள். வேகத்தைக் குறை, முந்தாதே, ஜம்ப்பில் பறக்காதே, சக்கரம் தரையை விடாமல் மெதுவாக ஏறி இறங்கு. அந்த மேட்டுக்குப் பின்னால் கிடப்பது இன்னொரு வீட்டுப் பிள்ளை. நீலம் என்றால் ஒரு சுற்று முன்னால் இருப்பவர் பின்னால் வருகிறார், வழி விடு.

வழி விடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. பயந்து திடீரென்று ஒரு பக்கம் விலகக் கூடாது, வருகிறவரும் அதே பக்கம் வந்தால் முடிந்தது. போகிற தடத்திலேயே நேராகப் போ, அவர்கள் சுற்றிப் போவார்கள் என்று சொல்லிக் கொடுங்கள். சுற்று நேரத்தைக் கணக்கிடும் பயிற்சி ஓட்டத்திலும் இதே மரியாதைதான். மூச்சு வாங்க வேண்டுமானால் ஓரத்துக்குப் போய் வாங்க வேண்டும், எல்லோரும் ஓட்டுகிற தடத்தின் நடுவில் அல்ல. அந்த ஒரு சுற்று நேரத்தை வைத்துத்தான் கேட்டில் (பந்தயம் தொடங்கும்போது வண்டிகள் வரிசையாக நிற்கும் தடுப்பு) யார் முதலில் இடம் தேர்ந்தெடுப்பது என்பது முடிவாகும். இன்னொரு பிள்ளையின் நல்ல சுற்று உங்கள் பிள்ளையால் கெடக் கூடாது.

கேட்டுக்குப் பின்னால் உள்ள மண்ணைப் பிள்ளை தன் பூட்ஸ் காலால் மிதித்துச் சமப்படுத்திக்கொள்ளலாம். மண்வெட்டி கூடாது, நீங்கள் போய் மிதித்துக் கொடுப்பதும் கூடாது. கேட்டுக்கு முன்னால் யாருமே தொடக் கூடாது.

படி 4: விழுந்தால் நீங்கள் ஓடாதீர்கள்

இங்கேதான் நான் முதல் முறை சொதப்பினேன். பந்தயம் தொடங்கி டிராக்கில் இரண்டாவது வட்டம், வலது பக்க வளைவில் முன் டயர் வழுக்கிப் பாப்பா விழுந்தாள். வேலியைத் தாண்டி ஓடி, வண்டியைத் தூக்கி, கிக் அடித்துக் கொடுத்து, முதுகில் ஒரு தட்டும் தட்டி அனுப்பினேன். முடிவுப் பலகையில் அவள் பேருக்கு நேரே இடமே இல்லை. வெளியார் உதவி, அதனால் தகுதி நீக்கம். பாதுகாப்புக்காக மார்ஷல் (டிராக் ஓரத்தில் நிற்கும் போட்டி அலுவலர்) தூக்கிவிடலாம், வேறு யாரும் தொடக் கூடாது.

"மாமா, நானே தூக்கியிருப்பேன், நீ ஏன் வந்த?" என்றாள். வாலாஜா டோல் வரைக்கும் என்னிடம் பேசவில்லை.

டிராக்கை விட்டு வெளியே போய்விட்டால், பக்கத்தில் பாதுகாப்பான இடத்தில் உள்ளே வர வேண்டும், அதில் ஒரு இடம்கூட லாபம் அடையக் கூடாது. குறுக்கே புகுந்து இரண்டு பேரைத் தாண்டிவிட்டால், மார்ஷல் பார்க்காவிட்டாலும் அந்த இரண்டு இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

படி 5: கிடைத்த இடத்தை என்ன செய்வது

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் விரிவாக எழுதுகிறேன்.

இரண்டாவது தகுதிச் சுற்றில் பாப்பா தேறிவிட்டாள். இறுதிப் போட்டிக்குப் பணம் கட்டி உறுதியும் செய்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அதே ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பிக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? போக முடியாது என்று பத்து நாள் முன்பே தெரியும். நான் யாருக்கும் சொல்லவில்லை. கட்டிய பணம் போகிறது, நமக்குத்தானே நஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

அன்று மத்தியானம் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது நண்பர் ஒருவர் வாட்ஸப்பில் படம் அனுப்பினார். கேட்டில் வரிசையாக வண்டிகள், நடுவில் ஒரு இடம் மட்டும் காலி. அதற்கு இரண்டடி பின்னால், குடியாத்தத்திலிருந்து வந்த பையன் ஹெல்மெட் போட்டு, கையுறை மாட்டி, வண்டியில் உட்கார்ந்திருக்கிறான். அவன் அப்பா குனிந்து அவனுடைய கண்ணாடி வாரைச் சரி செய்துகொண்டிருக்கிறார். அவன் முதல் ரிசர்வ். காலி இடம் எங்களுடையது. விலகுவதானால் முந்தைய நாள் மாலைக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இடம் காலியாகவே போகும் என்று அந்த எஸ்.ஆரில் இருந்தது. அந்த வரிக்கு நானே பேனாவால் கோடு போட்டிருந்தேன்.

அதனால் இப்போது என் வழக்கம் இது. முடிவு வந்த அன்றே காலண்டரைப் பாருங்கள்: பரீட்சை, கல்யாணம், காதுகுத்து, எல்லாம். சந்தேகம் இருந்தால் இடத்தை உறுதி செய்யும் முன்பே யோசியுங்கள். போக முடியாது என்று தெரிந்தால் அன்றைக்கே அமைப்பாளருக்கு எழுதுங்கள்: "85 சிசி வகுப்பு, எண் இன்னது, இன்ன பெயர். நாங்கள் கலந்துகொள்ளவில்லை. எங்கள் இடத்தை அடுத்த ரிசர்வுக்குக் கொடுக்கவும்." போனில் சொன்னால் மட்டும் போதாது. பதில் வரும் வரை விடாதீர்கள். முடிந்தால் அந்த ரிசர்வ் பிள்ளை வீட்டுக்கும் ஒரு போன் போடுங்கள். டீசலுக்கும் வண்டி வாடகைக்கும் அவர்கள் முடிவெடுக்க வேண்டும் இல்லையா?

இரண்டு வகுப்பில் தேறி ஒன்றில்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றாலும் இதேதான். ஏற்கெனவே தேறிவிட்ட பிள்ளையை, சும்மா பழகட்டும் என்று இன்னொரு தகுதிச் சுற்றில் இறக்கி, தேறும் இடத்தில் வந்து முடிப்பதும் எனக்குப் பிடிக்காது. விதி அனுமதித்தாலும் சரி.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் பாடகி லொரெட்டா லின்னின் பண்ணையில் 1982 முதல் அமெச்சூர் தேசியப் போட்டி நடக்கிறது. முதலில் ஏரியா சுற்று, அதில் தேறினால் ரீஜினல் சுற்று, அதிலும் தேறினால் பண்ணை. ஒரு வகுப்புக்கு 42 பேர்தான். ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் முட்டி மோதும் இடத்தில் அந்த 42இல் ஒன்றை ஒருவர் சும்மா வைத்திருந்தால் எப்படி இருக்கும்? அதனால் அங்கே மாற்று வீரர் பட்டியல் என்று தனியாகவே வைத்திருக்கிறார்கள்.

படி 6: சண்டை போட வேண்டுமென்றால்

முடிவில் தவறு இருந்தால் எழுத்தில், கட்டணத்தோடு, சொன்ன நேரத்துக்குள் கொடுங்கள். முடிவு ஒட்டியதிலிருந்து பொதுவாக அரை மணி நேரம்தான். நேரக் கணக்குக் கூடாரத்துக்குள் நுழைந்து கத்தாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் நேராகப் போய்க் கேட்கவே கேட்காதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த வாணியம்பாடி அண்ணன் ஒருவர், ஐந்து வயது வாண்டு விழுந்தால்கூட பார்த்துக்கொண்டு நிற்பதா என்று கேட்டார். நியாயம்தான். சில போட்டிகளில் 50 சிசி குட்டிகளுக்கு மட்டும் பெரியவர் உதவி உண்டு. எஸ்.ஆரில் பார்த்துவிட்டுப் போங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: உங்கள் பிள்ளையே ரிசர்வ் என்றால் என்ன செய்வது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். வண்டிச் சோதனையை முடித்து ஸ்டிக்கர் வாங்குங்கள், பெட்ரோல் ஊற்றி வையுங்கள், சுற்று நேரத்தைக் கணக்கிடும் கருவியான டிரான்ஸ்பாண்டரை வண்டியில் மாட்டிவிடுங்கள். பிள்ளையை முழு உடுப்போடு கேட்டுக்குப் பின்னால் நிழலில் உட்கார வையுங்கள், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். பெயரைக் கூப்பிட்டால் பெரும்பாலும் இரண்டு நிமிஷம்தான் தருவார்கள்.