வேகாஸில் கார் எடுத்து யூட்டா, அரிசோனா பாலைவனத்தில் ஏழு நாள்: எப்படித் திட்டமிடுவது

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் போடுகிற திட்டம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: சயான், பிரைஸ், ஆர்ச்சஸ், மான்யுமென்ட் வேலி, ஆண்டிலோப், கிராண்ட் கேன்யன், போகிற போக்கில் டெத் வேலி, இத்தனை பூங்காக்களும் பள்ளத்தாக்குகளும் ஐந்து நாளில். நானும் முதல் தடவை அப்படித்தான் போட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவும் அம்மாவும் பின் சீட்டில். திரும்பி வந்ததும் அம்மா, "மலையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பாதிய கார் கண்ணாடி வழியாத்தான் பாத்தேன்" என்றார். அதனால் முதல் வேலை, உங்கள் பட்டியலிலிருந்து இரண்டு இடங்களை அடித்துவிடுவது. ஆர்ச்சஸ் பக்கம் போனால் அதன் பக்கத்து ஊரான மோவாபிலிருந்து வேகாஸ் திரும்பவே 460 மைல், ஒரு முழு நாள் போய்விடும். டெத் வேலி எதிர்த்திசையில் இருக்கிறது. இரண்டையும் வேறொரு பயணத்துக்கு வையுங்கள்.

மிச்சம் இருப்பது அழகான ஒரு வட்டம். வேகாஸிலிருந்து சயான் 160 மைல், அங்கே இரண்டு இரவு. அங்கிருந்து பிரைஸ் 85 மைல்தான், ஒரு இரவு. பிறகு கனாப் வழியாக, ஆண்டிலோப் பள்ளத்தாக்குக்குப் பக்கத்து ஊரான பேஜ், இரண்டு இரவு. பேஜிலிருந்து கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு, ஒரு இரவு, கடைசி நாள் 280 மைல் ஓட்டி வேகாஸ். மான்யுமென்ட் வேலி பார்த்தே தீர வேண்டும் என்றால் பேஜிலிருந்து ஒரு பகல் போய் வரலாம், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அது அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களின் சொந்தப் பூங்கா, தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது.

எப்போது போவது? ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை. பள்ளி விடுமுறை ஜூலையில்தான் என்பார்கள், தெரியும், ஆனால் ஜூலையில் பேஜில் வெயில் சாதாரணமாக 38 டிகிரியைத் தாண்டும், கூடவே ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலம் வேறு. பாலைவனத்தில் மழையா என்று சிரிக்க வேண்டாம். 1997 ஆகஸ்டில் லோயர் ஆண்டிலோப் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளம் வந்து 11 பேர் இறந்துபோனார்கள், அத்தனைக்கும் அவர்கள் நின்ற இடத்தில் மழையே இல்லை, பல மைல் தள்ளிப் பெய்த மழை குறுகிய பாறை இடுக்குக்குள் சுவர் மாதிரி வந்தது. சயானில் ஆற்றுக்குள்ளேயே நடக்கும் நேரோஸ் பாதைக்கும் இதே ஆபத்து உண்டு, போகிற அன்று காலையில் பூங்கா அறிவிக்கும் வெள்ள எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வசந்தத்தில் பனி உருகி ஆற்றில் நீர் கூடினாலும் அந்தப் பாதையை மூடிவிடுவார்கள்.

ஒரு நாளைத் திட்டமிடும்போது மைல் கணக்கைப் பிறகு பாருங்கள், முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். இந்தப் பாறைகளுக்கு உயிர் வருவது காலை முதல் இரண்டு மணி நேரமும் மாலை கடைசி இரண்டு மணி நேரமும்தான். உச்சிவெயிலில் எல்லாம் வெளுத்து, தட்டையாகத் தெரியும், நமக்கும் நடக்கத் தெம்பு இருக்காது. அதனால் கார் ஓட்டுவது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் 11 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில். பிரைஸில் ஒரு இரவு தங்கச் சொல்வதும் இதற்காகத்தான். அந்தக் கம்பம் கம்பமான ஹூடூ பாறைகளில் விடியற்காலை வெளிச்சம் படுவதைப் பார்க்காமல் மத்தியானம் வந்து படம் பிடித்துவிட்டுப் போவது, சாப்பாட்டு நேரத்தில் வாசல் வரை வந்து திரும்புகிற மாதிரி. விளிம்பு 8000 அடிக்கு மேல், மே மாதத்தில்கூட காலையில் நடுங்கும். பாலைவனம்தானே என்று ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

சயானில் மார்ச் முதல் நவம்பர் வரை பெரும்பாலான நாட்கள் பள்ளத்தாக்குக்குள் போகும் சாலையில் சொந்தக் கார் விடமாட்டார்கள், பூங்காவின் ஷட்டில் பஸ்தான். வாகன நிறுத்தம் காலையிலேயே நிரம்பிவிடும். வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊரில் தங்கினால் காரை ஹோட்டலிலேயே விட்டுவிடலாம், வாடகை கூடுதல்தான், ஆனாலும் நான் அதையே எடுப்பேன். ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை உச்சிக்கு ஏற 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு. கிடைக்கவில்லை என்றால் அழ வேண்டாம், சுரங்கப்பாதையைத் தாண்டியதும் இருக்கும் கேன்யன் ஓவர்லுக் நடைக்கு அனுமதியே தேவையில்லை.

இப்போது நேரக் குழப்பம். யூட்டா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். அரிசோனா தள்ளாது. ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நிலம் தள்ளும். பேஜ் ஊர் அரிசோனா நேரம், பக்கத்து மண் நவஹோ நேரம், உங்கள் போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரம் காட்டும். எங்கள் போன் ராத்திரியில் நேரம் மாற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே அலாரம் அடித்து, பிள்ளைகளைக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனால் டூர் அலுவலகத்தில் பூட்டு. இது பரவாயில்லை, தலைகீழாக நடந்திருந்தால் பணம் போயிருக்கும். பேஜில் இறங்கியதும் போனில் தானியங்கி நேரத்தை அணைத்து, ஃபீனிக்ஸ் என்று கையால் வைத்துவிடுங்கள். முன்பதிவில் எந்த நேரம் போட்டிருக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்டிலோப் பள்ளத்தாக்குக்குள் நவஹோ வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது, டிக்கெட் பல வாரம் முன்பே எடுக்க வேண்டும். பை கொண்டுபோக முடியாது. பள்ளத்தாக்கு லோயர், அப்பர் என்று இரண்டு பகுதி, லோயரில் செங்குத்தான இரும்பு ஏணிகள் உண்டு. அப்பரில் உள்ளே தரை சமம், ஆனால் திரும்பி வரும் வழியில் படிகள் உண்டா என்று வயதானவர்கள் இருந்தால் முன்பே விசாரியுங்கள். நவஹோ நிலத்தில் மதுவுக்குத் தடை, டிரோனும் கூடாது. தேசியப் பூங்காக்களிலும் டிரோன் பறக்கவிட முடியாது.

நுழைவுக் கட்டணத்தில் ஒரு மாற்றம். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு வருடாந்திர பாஸ் 80 டாலர்தான். 2026லிருந்து வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு அதே பாஸ் 250 டாலர், பாஸ் இல்லாவிட்டால் சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில் 16 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் 100 டாலர் கூடுதல். ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள் என்றால் விதியைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

சாப்பாடு: வேகாஸிலேயே இந்தியக் கடை உண்டு, வழியில் செயின்ட் ஜார்ஜில் பெரிய கடைகள் எல்லாம் உண்டு, அதற்கப்புறம் ஊர்கள் சின்னவை, சைவம் கேட்டால் பிரெஞ்ச் ஃப்ரைஸ் கிடைக்கும். நாங்கள் வீட்டிலேயே புளிக்காய்ச்சல் செய்து ஒரு பாட்டிலில் எடுத்துப் போவோம், கெட்டுப் போகாது, சமையலறை இருக்கும் அறையில் இரவு சோறு வடித்துப் பிசைந்துவிட்டால் மறுநாள் மதியம் கடை தேட வேண்டாம். ஐஸ் பெட்டியில் தயிர். சாதாரண அறையில் குக்கர் வைத்துப் புகை அலாரத்தைக் கிளப்பாதீர்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் (கிட்டத்தட்ட நாலு லிட்டர்), காரில் எப்போதும். பெட்ரோல் பாதி ஆனதும் நிரப்பிவிடுங்கள், அடுத்த பங்க் எங்கே என்று பார்த்துக்கொள்ளலாம் என்ற நம் வழக்கம் இங்கே எடுபடாது. வரைபடத்தைப் போனில் இறக்கி வையுங்கள், பாதி வழியில் சிக்னல் இருக்காது. வாடகைக் காரில் உதிரி டயர் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள், இப்போது பல கார்களில் வெறும் காற்றடிக்கும் கருவிதான். மண் சாலையில் ஓட்டினால் வாடகை ஒப்பந்தப்படி காப்பீடு செல்லாமல் போகலாம், மான்யுமென்ட் வேலிக்குள் இருக்கும் 17 மைல் வட்டம் மண் சாலைதான். இருட்டியபின் ஓட்டாதீர்கள், பிரைஸ் பக்கம் மான், நவஹோ பக்கம் மாடும் குதிரையும் சாலையில் நிற்கும்.

பேஜிலிருந்து கிராண்ட் கேன்யன் போகும்போது கேமரன் வழியாகக் கிழக்கு வாசலில் நுழையுங்கள். டெசர்ட் வியூவில் 1932இல் கட்டிய கல் கோபுரத்தடியில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு மெதுவாக உள்ளே போய்த் தங்கலாம். காலையில் கீழே இறங்கும் ஆசை வந்தால், இறங்கிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் வேகாஸில் ஒரு இடத்தில் நிறுத்தி உள்ளே வேக்யூம் போடுங்கள். அந்தச் செம்மண் சீட்டு இடுக்கில் போய் ஒட்டிக்கொள்ளும், சுத்தம் செய்யும் கட்டணம் என்று தனியாகப் போட்டுவிடுவார்கள்.