பலகார அடுப்பும் கிரிட் வேலையும்

காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் கல்யாணப் பலகாரம் நடக்கும்போது யாரும் வரிசை எண் போடுவதில்லை. மாவு சலித்தால்தான் முறுக்கு பிழியலாம். மனகோலம் பக்கத்து அடுப்பில் தன் போக்கில் பொரியும். பல கணினிகளைச் சேர்த்து ஓட்டும் கிரிட் வேலைகளின் படிகளை எழுத உதவும் மொழியான, 2016இல் 1.0 பதிப்பு வந்த காமன் ஒர்க்ஃப்ளோ லாங்குவேஜும் (CWL) அப்படித்தான். எதன் வெளியீடு எதற்கு உள்ளீடு என்று சொன்னால் போதும், வரிசையை அது கண்டுகொள்ளும்.

ஓட்டப்போகும் ஒவ்வொரு கருவிக்கும், அதாவது நிரலுக்கும், ஒரு கோப்பு; யாமல் (YAML) என்ற எளிய உரை நடையில் எழுதுங்கள். நிரலையும் அதற்கு வேண்டியதையும் ஒரே பொதியாகக் கட்டித் தரும் டாக்கர் படிமத்துக்குப் பதிப்பெண்ணைத் தவறாமல் போடுங்கள். கோப்புகளின் முழுப் பாதையைக் கட்டளைக்குள் எழுதாதீர்கள். தொலைதூரக் கணினிக்கு உங்கள் வீட்டு முகவரி தெரியாது.

நான் வழுக்கியது நினைவக அளவில். அதைக் குறிப்பிடாவிட்டால் விதிப்படி 256 மெபிபைட் (ஏறக்குறைய மெகாபைட்தான்) என்றே கணக்கு. அது தெரியாமல் நானூறு கோப்புகளை, ஒவ்வொன்றையும் தனி வேலையாக்கும் ஸ்கேட்டர் முறையில் பிரித்து இரவில் அனுப்பினேன். விடிந்து பார்த்தால் பாதி வேலைகள் நடுவில் செத்துக் கிடந்தன. பத்துப் பேருக்கு உலை வைத்து நூறு இலை போட்ட கதை!

ஆகவே முதலில் ஒரே ஒரு தரவுக் கோப்பை மடிக்கணினியில், இந்த மொழியை ஓட்டும் சிடபிள்யூஎல்டூல் (cwltool) என்ற நிரல் மூலம் ஓட்டுங்கள். எவ்வளவு நினைவகம் பிடித்தது என்று பார்த்து, கொஞ்சம் கூட்டி, குறைந்தபட்ச நினைவகத்தைச் சொல்லும் ‘ராம்மின்’ (ramMin) என்ற புலத்தில் எழுதுங்கள். ஸ்கேட்டர் வேண்டுமென்றால் தேவைகள் (requirements) பகுதியில் அதையும் அறிவிக்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். பிறகு அதே யாமல் கோப்பை, வேலைகளைப் பல கணினிகளுக்கு அனுப்பும் டாயில் (Toil) நிரலிடம் கொடுத்து ஸ்லர்ம் என்று குறிப்பிடுங்கள்; கணினித் தொகுதியில் வேலைகளைப் பங்கிடும் ஸ்லர்ம் (Slurm) வரிசையில் அதுவே சேர்த்துவிடும்.