குளத்துத் தண்ணீரைக் கணினியில் ஓட விடுவது: துணிக்கையா, வலையா?

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவைத் திறந்தால் தண்ணீர் நுரைத்துச் சிதறும். துருசு வழியாக வாய்க்காலுக்குப் போகும் தண்ணீர் அப்படியில்லை, சீராக ஓடும். இரண்டையும் ஒரே முறையில் கணிக்கப் பார்த்தால் லப்டொப் சூடாகுமே தவிர வேலை நடக்காது.

வலை முறையில் இடத்தைச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் எவ்வளவு தண்ணீர் வருகிறது, போகிறது என்று கணக்கு வைக்கிறோம். கட்டம் அசையாது. துணிக்கை முறையில் தண்ணீரே துணிக்கைகளாகி நகரும். ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்துத் துணிக்கைகளை வைத்துத் தன் அடர்த்தியையும் அமுக்கத்தையும் கணக்கிட்டுக்கொள்ளும். இதில் பிரபலமான எஸ்.பி.எச். (SPH, Smoothed Particle Hydrodynamics) முறை 1977இல் வானியலுக்காக வந்தது, தண்ணீர்ப் பக்கம் பிறகுதான் திரும்பியது.

சரி, செய்து பார்ப்போம். முதலில் ஓப்பன்ஃபோம் (OpenFOAM) என்ற வலை முறை மென்பொருளை நிறுவுங்கள், இலவசம்தான். அதோடு வரும் அணை உடைப்புப் பயிற்சியைத் திறந்தால் 14.6 செ.மீ அகலம், 29.2 செ.மீ உயரத்தில் ஒரு தண்ணீர்த் தூண் இருக்கும். வலையைக் கட்டி, தண்ணீரை நிரப்பி, ஓட்டுங்கள். கட்டளைகள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும். ஒவ்வொரு கட்டத்திலும் 0 முதல் 1 வரை ஓர் எண் வரும்: 0 காற்று, 1 தண்ணீர். 0.5 வருகிற இடத்தைத்தான் நீர்மட்டம் என்று வரைகிறோம், அதனால் சின்னத் துளிகள் மங்கிக் கரைந்துவிடும்.

அடுத்து அதே தூணை டூவல்ஸ்ஃபிசிக்ஸ் (DualSPHysics) என்ற துணிக்கை முறை மென்பொருளில் இருபரிமாணத்தில் வரையுங்கள், இதுவும் இலவசம். துணிக்கை இடைவெளி 2 மி.மீ என்றால் தண்ணீருக்கு மட்டும் சுமார் 10,600 துணிக்கைகள். துளிகள் அழகாகத் தெறிக்கும். ஆனால் சுவரோரம் பெரிதாக்கிப் பாருங்கள், தண்ணீர் சுவரைத் தொடாமல் ஒரு சின்ன இடைவெளி விட்டு நிற்கும். எளிய எல்லை நிபந்தனையின் (சுவரோரம் தண்ணீர் எப்படி நடக்கவேண்டும் என்ற விதியின்) குறை அது, திருத்திய நிபந்தனையைத் தெரிவு செய்தால் பெரும்பாலும் மறையும்.

வீடியோ அழகாக இருப்பதை நம்பவேண்டாம். தரையில் ஓடும் நுனியின் வேகத்தை அளந்து பாருங்கள். உராய்வில்லாத உலர்ந்த தரைக்கு ரிட்டர் என்பவர் 1892இல் தந்த விடை 2√(gh) (g புவியீர்ப்பு முடுக்கம், h தூணின் உயரம்), அதாவது இங்கே விநாடிக்கு சுமார் 3.4 மீற்றர். நுனி அதையும் முந்தினால் எங்கோ பிழை.

சிதறலுக்கு நான் துணிக்கையைத்தான் எடுப்பேன். சீரான ஓட்டத்துக்கு வலை, நீண்ட வாய்க்கால் என்றால் நீளவாக்கில் மட்டும் பார்க்கும் ஒருபரிமாணக் கணக்கே போதும்.

கடைசியாக, துணிக்கை இடைவெளியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். துணிக்கைகள் 4 மடங்காகும், நேரப்படியும் (கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் நேரம்) பாதியாகும், ஆக ஏறக்குறைய 8 மடங்கு நேரம் பிடிக்கும். முப்பரிமாணத்தில் 16 மடங்கு. அதை இரவில் ஓட விட்டுப் படுப்பதென்றால், கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி இடையிடையே சேமிக்கச் சொல்லிவிட்டுப் படுங்கள்.