ஏஸ் காம்பாட் 7: சுட்டு வீழ்த்தப்படாமல் கதையை முடிக்க

பாண்டாய் நாம்கோ 2019 ஜனவரியில் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் வெளியிட்ட ‘ஏஸ் காம்பாட் 7: ஸ்கைஸ் அன்நோன்’ என்ற போர் விமான கேமில் கதைப் பகுதி மட்டும் 20 மிஷன். ஓசியா, எருசியா என்ற கற்பனை நாடுகளின் போரில் ‘ட்ரிகர்’ என்ற விமானி நீங்கள். முதல் மூன்று மிஷனைத் தட்டுத் தடுமாறி முடித்துவிடலாம். நாலாவதிலிருந்துதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றே: வேகத்தைக் கூட்டும் ஆர்2-வை அழுத்திய விரலை எடுப்பதே இல்லை.

இங்கே சொல்லும் பட்டன்கள் பிஎஸ்4-க்கானவை. எக்ஸ்பாக்ஸில் அதே இடத்தில் இருக்கும் பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, செட்டிங்ஸில் கன்ட்ரோலை ‘ஸ்டாண்டர்ட்’டிலிருந்து ‘எக்ஸ்பர்ட்’டுக்கு மாற்றுவது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ஸ்டாண்டர்டில் ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் விமானம் கார் மாதிரி இடப்பக்கம் திரும்பும். எக்ஸ்பர்ட்டில் அதே ஸ்டிக் இறக்கையைச் சாய்க்க மட்டும் செய்யும். சாய்த்தபின் ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால்தான் திருப்பம். சாய், இழு, நிமிர்த்து: இந்த மூன்றும் கைக்குப் பழக ஒரு மாலைப்பொழுது போதும். ஸ்டாண்டர்டிலேயே தங்கிவிட்டால், பின்னால் பள்ளத்தாக்கிலும் சுரங்கத்திலும் அதற்கு விலை கொடுப்பீர்கள். மேலும் கீழும் தெரியாமல் குழம்பிப்போனால் எல்1, ஆர்1 இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். விமானம் தானாக நேராகிவிடும். கஷ்ட அளவு ‘நார்மல்’ போதும்.

இனி வேகம். முழு வேகத்தில் பறக்கும் விமானம் அகலமாகத்தான் வளையும். அதனால்தான் எதிரி எப்போதும் திரையின் ஓரத்திலேயே நழுவிக்கொண்டிருக்கிறான். திருப்பத்துக்குள் நுழையும் முன் எல்2-வைத் தொட்டு வேகத்தைக் குறையுங்கள், வளைந்து முடித்ததும் ஆர்2. இன்னும் கூர்மையாக வளைய வேண்டுமானால், ஸ்டிக்கை இழுத்தபடி எல்2, ஆர்2 இரண்டையும் ஒன்றாக அழுத்துங்கள். இதைத்தான் ஹை-ஜி டர்ன் என்கிறோம். மூக்கு சட்டென்று திரும்பும், ஆனால் வேகம் மளமளவென்று சரியும். ஓரிரு நொடிக்கு மேல் பிடித்தால் ஸ்டால் ஆகி, அதாவது பறக்கப் போதுமான வேகம் இல்லாமல், மூக்கு தரையை நோக்கித் தொங்கிவிடும். தாழ்வாகப் பறக்கும்போது அப்படி ஆனால் மீள இடமில்லை.

ஏவுகணை வீணாவதும் இதே அவசரத்தால்தான். குறி சிவப்பானதும் வட்டப் பட்டனைத் தட்டிவிடுகிறோம். சிவப்பு என்றால் லாக் ஆகிவிட்டது, அதாவது ஏவுகணை இலக்கைப் பிடித்துக்கொண்டது என்றுதான் அர்த்தம், அடி விழும் என்றல்ல. எதிரி நேருக்கு நேர் வரும்போதோ உங்களுக்குக் குறுக்கே பாயும்போதோ விட்டால், ஏவுகணையால் அவ்வளவு வளைய முடியாது. அவன் வாலுக்குப் பின்னால் வந்து, தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே இறங்கிய பிறகு விடுங்கள். இரண்டு ஏவுகணையையும் ஒரே சமயத்தில் விட்டால் மறுபடி நிரம்பும்வரை கையில் எதுவும் இருக்காது. ஒன்றை விட்டு, அவன் எந்தப் பக்கம் ஒடிக்கிறான் என்று பார்த்து அடுத்ததை விடுவது நல்லது. இலக்கைத் தொலைத்துவிட்டால் முக்கோணத்தை அழுத்திப் பிடியுங்கள், கேமரா அவன் பக்கமே திரும்பி நிற்கும்.

உங்கள் பின்னால் ஏவுகணை வந்தால் நேராக ஓடாதீர்கள். அது உங்களைவிட வேகம். அதை உங்கள் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, அருகில் வந்ததும் ஒரு ஹை-ஜி திருப்பம். இரண்டு ஸ்டிக்கையும் சேர்த்து உள்ளே அழுத்தினால், ஏவுகணையை ஏமாற்றித் திசைதிருப்பும் ஃப்ளேர் விழும். எண்ணிக்கை கொஞ்சம்தான், நாலு பக்கமும் சூழ்ந்த நேரத்துக்கென்று வைத்திருங்கள்.

மேகத்தை அலங்காரம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அதற்குள் புகுந்தால் எதிரி ஏவுகணை உங்களைத் தவறவிடும், உங்கள் ஏவுகணையும் அவனைத் தவறவிடும். உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால் விமானத்தில் பனி உறையும், கைக்கு அடங்காது. நுழை, தப்பி, வெளியே வா, அவ்வளவுதான். யின்ஷி பள்ளத்தாக்கில் நடக்கும் 7-ஆம் மிஷனில் மின்னலும் சேர்ந்துகொள்ளும். இடி விழுந்தால் திரையிலுள்ள எண்களும் குறிகளும் கொஞ்ச நேரம் கலைந்துபோகும். அந்த நேரத்தில் சண்டை வேண்டாம், மலை எந்தப் பக்கம் என்று மட்டும் பாருங்கள். 8-இல் மணற்புயல். கண்ணால் இலக்கான லாரிகளைத் தேடி அலையாமல் ரேடாரைப் பார்த்து ஓட்டுங்கள்.

மிஷன் முடிய முடியச் சேரும் எம்ஆர்பி புள்ளிகளால் ஏர்கிராஃப்ட் ட்ரீ என்ற, கிளை கிளையாகப் பிரியும் பட்டியலில் விமானமும் பாகமும் வாங்கலாம். ஆசைப்பட்டு வழியிலுள்ள எல்லாவற்றையும் வாங்கினால் கையில் காசு நிற்காது. ஒரே கிளையைப் பிடித்து ஏறுங்கள். தரை இலக்குக்கென்றே ஒரு விமானம் வேண்டும், ஏ-10சி அதற்குத் தோது. சிறப்பு ஆயுதத்தை மிஷன் விளக்கத்தைக் கேட்ட பிறகு தேர்ந்தெடுங்கள். கெடுவுக்குள் புள்ளி சேர்க்கச் சொல்லும் 6-க்கு, ஒரே நேரத்தில் பல தரை இலக்கை லாக் செய்யும் 4ஏஜிஎம் வகை. கப்பல்கள் நிறைந்த 11-க்கு, கப்பலைத் தாக்கும் ஏவுகணையான எல்ஏஎஸ்எம். ட்ரோன் கூட்டத்துக்கு, வானில் பல இலக்கை ஒன்றாக லாக் செய்யும் 4ஏஏஎம் அல்லது 6ஏஏஎம். எல்லா மிஷனுக்கும் அதே ஆயுதத்தையே தூக்கிக்கொண்டு போவதால்தான் 6-ஆம் மிஷன் பலருக்கு நேரத்தில் முடிவதில்லை. அங்கே ஒற்றை விமானத்தைத் துரத்துவதும் நஷ்டம்தான், புள்ளி குவிந்திருப்பது தரையில் கூட்டமாக நிற்கும் இலக்குகளில். சில மிஷன்களில் வரைபட ஓரத்தில் ரிட்டர்ன் லைன் இருக்கும். அதைக் கடந்தால் ஆயுதம் நிரம்பி, சேதமும் சரியாகிவிடும்.

இதற்குமேல் கதையின் பின்பாதி, தெரிய வேண்டாம் என்பவர்கள் தாண்டிவிடலாம்.

14-இல் மழை இரவில் பள்ளத்தாக்கு வழியே ஒளிந்து போக வேண்டும். தாழ்வாக, மெதுவாக; தேடுவிளக்கின் வெளிச்சத்தில் படாமல். சின்னத் திருத்தத்துக்கு இறக்கையைச் சாய்க்காதீர்கள், எல்1 அல்லது ஆர்1-ஐத் தட்டினால் மூக்கு மட்டும் நகரும். கடைசி மிஷனின் சுரங்கத்துக்கும் இதே கைப்பழக்கம்தான். 16-இல் நண்பன் யார், எதிரி யார் என்று கருவிக்கே தெரியாது. கிட்டப் போய் அடையாளம் உறுதியான பிறகே சுடுங்கள்.

18-இல் எதிரித் தரப்பின் கில்லாடி விமானி மிஹாய் ஷிலாகேயோடு மோதும்போது அவர் வட்டத்துக்குள் நுழைந்து போட்டி போட்டால் தோற்பது நீங்கள்தான். கொஞ்சம் விலகி, உயரத்தில் நில்லுங்கள். வித்தை காட்டி முடித்ததும் அவர் விமானத்துக்கு வேகம் இருக்காது. அந்த இடைவெளியில் பின்னாலிருந்து ஒரு ஏவுகணை, கிட்டத்தில் இருந்தால் எக்ஸை அழுத்தி மெஷின் கன்.

ரேடியோ பேச்சு ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். தமிழ் சப்டைட்டில் கிடையாது, ஆங்கில எழுத்தையாவது போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து என்ன வரப்போகிறது என்பதைப் பாதி நேரம் அந்தப் பேச்சே முன்கூட்டிச் சொல்லிவிடும்.