வௌனான் மொழி ஒலிகள்: ஒரு தாளும் மூக்கும் போதும்

கொலம்பியாவின் சான் ஹுவான் ஆற்றங்கரையிலும் பனாமாவின் தாரியேன் பகுதியிலும் வாழும் வௌனான் மக்களின் மொழி வௌன் மெவு. எம்பெரா மொழி இதற்குப் பங்காளி. இரண்டும் சோக்கோ குடும்பம். இலக்கணம் அப்புறம். முதலில் வாயைப் பழக்குவோம்.

படி 1: மூன்று 'ப'

சுலோகப் புத்தகங்களில் ப², ப³ என்று எண் போட்டிருப்பார்களே, அதுதான் இங்கே நமக்குக் கைகொடுக்கும். மெல்லிய தாள் ஒன்றை உதட்டுக்கு நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். 'பல்' என்றால் தாள் சும்மா இருக்க வேண்டும். இந்தியில் பழத்தைக் குறிக்கும் 'ப²ல்' என்றால் துள்ள வேண்டும். அதை 'ஃபல்' ஆக்கிவிடாதீர்கள். பல் உதட்டில் படவே கூடாது. 'பஸ்' என்பதில் வருவது ப³. தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். த, க இரண்டுக்கும் இதே மூன்று வகை உண்டு. நான்காம் எண்ணுக்கு வேலை இல்லை.

நாம் வழுக்கும் இடம் சொல்லின் நடு. 'கபம்' என்னும்போது ப தானாகவே ப³ ஆகிவிடுகிறது. தமிழில் அதனால் பொருள் கெடாது. வௌன் மெவுவில் அவை தனித்தனி எழுத்துகள், ஆகவே அந்தப் பழக்கத்தைக் கட்டிப்போட வேண்டும்.

படி 2: மூக்கு உயிர்

இது நமக்கு வாய்த்த வரம். பேச்சில் 'அவ வந்தா', 'அவன் வந்தான்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் ன் மறைந்து, கடைசி ஆகாரம் மூக்கு வழியாகப் போகிறது, இல்லையா? அதேதான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே சொல்லின் முதலிலும் நடுவிலும்கூட மூக்கு உயிர் வரும். எழுதும்போது உயிரின் மேல் நெளிகோடு போடுவார்கள்.

படி 3: ஒரு பெயர்

பனாமாவில் உள்ள வௌனான் தேசியப் பேரவையின் பெயர் 'வௌனான் போத்³பா நம் போமாம்'. 'நம்' என்பதில் உள்ள உயிரைத் தலைகீழாக்கிய ஆங்கில 'V' போன்ற எழுத்தால் எழுதுகிறார்கள். ஸ்பானிஷின் ஐந்து உயிர் இவர்களுக்குப் போதவில்லை. 'போத்³பா' சொல்லும்போது நடுவே உகரம் நுழைக்காதீர்கள். 'பஸ்ஸு' என்று பழகிய நாக்கு 'போது³பா' என்றுதான் இழுக்கும். மெதுவாக, பத்து முறை சொல்லுங்கள்.